வெந்நீர் படக்கூடாது

நவம்பர் 6

இன்று முப்பத்திரண்டு மோதிரம் கட்டினேன். நகக்கண் மறுபடியும் கறுத்துவிட்டது. வகுப்பில் கையை மேசைக்கு அடியிலேயே வைத்திருந்தேன். கெமிஸ்ட்ரி மிஸ் பார்த்துவிட்டார். "மருதாணியா, கரியா?" மருதாணி என்றேன். பொய் சொல்ல இந்த வீட்டுப் பிள்ளைக்குத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை.

இது போன வருடத்து பிசிக்ஸ் ரெக்கார்டு நோட்டின் மிச்சப் பக்கங்கள். எல்லோரும் தூங்கிய பிறகு எழுதிவிட்டு, ஷெட்டில் ஓரமாகக் கிடக்கும் குட்டைக் குதிரை முடி மூட்டைக்குள் சொருகிவிடுவேன். சோபாவுக்கு அடைக்கிற முடி அது. பெரியத்தா அதைத் தொடமாட்டார். நீளமாக இருப்பதும் வெள்ளையாக இருப்பதும்தான் அவர் கண்ணில் படும். அகப்பட்டால் என்ன ஆகும் என்று தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். பகலில் யாரிடமும் சொல்ல முடியாததை எங்காவது சொல்லத்தானே வேண்டும்.

நவம்பர் 9

பெங்களூரிலிருந்து ஒருவர் முடி வாங்க வந்தார். "குதிரை முடியில அப்படி என்ன பாய் இருக்கு?" என்று சும்மா கேட்டுவிட்டார். அவ்வளவுதான். பெரியத்தா, அதாவது என் அப்பாவின் அண்ணன் சமியுல்லா அவர்கள், இந்த ஷெட்டின் முதலாளி, தலையணை மாதிரி ஒரு முடிக்கட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பிரசங்கம் ஆரம்பித்தார்.

நீள வெள்ளை வால்முடி வயலின் வில்லுக்கு. அது இல்லாவிட்டால் கச்சேரியே இல்லையாம். கறுப்பு நீளம் கூத்துக்காரர்களுக்கு, மீசை தாடி கட்ட. நடுத்தரம் பிரஷ்ஷுக்கு: ஷூ பிரஷ், கார் கம்பெனியில் பெயின்டுக்கு முன்னால் தூசி தட்டும் பிரஷ். குட்டையும் சுருட்டையும் சோபாவுக்கு, பழைய பங்களாக்களின் சுண்ணாம்புப் பூச்சுக்கு. அந்தக் காலத்தில் மாவு சலிக்கும் சல்லடை. காடை பிடிக்கும் கண்ணி. சாமரம். காயத்துக்குத் தையல் போடக்கூட. இப்போது ரேஸ் குதிரை செத்தால் அதன் வாலில் வளையல் பின்னிக் கையில் போட்டுக்கொள்கிற பணக்காரர்கள்.

"குதிரை செத்தாலும் அதோட முடி சாகாது" என்று முடித்தார். வந்தவர் வாயைப் பிளந்தார்.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. குதிரையின் பின்பக்கத்தில் தொங்குவதை வெட்டி எடுத்து ராஜா வேஷத்துக்கு மூக்குக்குக் கீழே ஒட்டிக்கொள்கிறார்கள். பிறகு எல்லோரும் பயபக்தியோடு அந்த ராஜாவைப் பார்க்கிறார்கள். பெரியத்தாவின் மீசையையும் நம்புவதற்கில்லை.

இத்தனை சொன்னவர், நான் கட்டும் மோதிரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நவம்பர் 14

அந்த மோதிரத்தைப் பற்றி இங்கே எழுதிவைக்கிறேன். எங்காவது ஒரு இடத்தில் உண்மை எழுதியிருக்க வேண்டும்.

எட்டுக் குதிரை முடி. தச்சர்கள் மரம் ஒட்டுகிற வஜ்ரத்தைக் காய்ச்சி, கறுப்புச் சாயம் கலந்து, முடியை அதில் முக்கி முறுக்க வேண்டும். தகட்டில் போட்ட துளை வழியாக இழுத்தால் தடித்த ஒற்றைக் கம்பி மாதிரி வரும். காய்ந்ததும் மேலே அரக்கு பாலிஷ். வளைத்து இரண்டு முடிச்சு. இப்போது அது யானை வால்முடி. திருஷ்டி போகும், பயம் போகும், கெட்ட கனவு வராது.

கூடவே ஒரு அட்டை. பெரியத்தாவே எழுதிக்கொடுத்து அச்சடித்தது. 'அசல். ஆண் யானை. வெந்நீர் படக்கூடாது. பட்டால் சக்தி போய்விடும்.' வெந்நீர் பட்டால் வஜ்ரம் இளகி எட்டு முடியும் தனித்தனியாக வந்துவிடும். அதைத்தான் சக்தி என்று எழுதியிருக்கிறார். படித்தவர்கள்கூட இதை வாங்கிக்கொண்டு ஒரு வருடமாகப் பச்சைத்தண்ணீரில் குளிக்கிறார்கள்.

அத்தா, "இதெல்லாம் அல்லாவுக்கு இணை வைக்கிற காரியம்" என்பார். சொல்லிவிட்டுப் பார்சலுக்கு டேப் ஒட்டுவார். என் அத்தா முனீர் அகமதுவை யாராவது இரண்டு வரியில் எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதுவேன்.

இன்னொன்று. உள்ளே வைக்கும் எட்டில் ஏழு பழுப்பு முடி, ஒன்று வெள்ளை. நடுவில் வைத்து முறுக்கிவிடுவேன், வெளியே தெரியாது. ஒவ்வொரு மோதிரத்திலும். ஏன் என்று கேட்டால் தெரியாது. அதைப் போட்டுக்கொண்டு மிதப்பாக நடப்பவர்களைப் பார்க்கும்போது, உன் யானைக்கு நரை விழுந்திருக்கிறது என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

நவம்பர் 20

பெரியத்தா அருகில் வந்து நின்றால் கை தானாக வேகமாக ஓடுகிறது. பயந்த கை. அதைப் பார்க்க எனக்கே அருவருப்பு.

நவம்பர் 23

சென்னப்பன் வந்திருந்தார். லாரிகள், கல்குவாரி, பேரிகைப் பக்கம் நிலம். டீசல் திருடினான் என்று ஒரு டிரைவரை அடித்து மூன்று மாதம் படுக்கையில் போட்டவர். வலது கையில் என் மோதிரம், தங்கப் பூண் கட்டி.

"பாய், போன வாரம் ராத்திரி யானைக் கூட்டம் பக்கத்துக் காட்டுல ராகியெல்லாம் மிதிச்சுப் போட்டுச்சு. நம்ம வரப்பு வரைக்கும் வந்து திரும்பிப் போயிருக்கு. இதோட வாசனை அதுக்குத் தெரியுது பாரு."

பக்கத்து நிலத்துக்காரன் கொட்டிய கண்ணீருக்கு நடுவில் இவருக்கு வாசனை.

பெரியத்தா, "உங்களுக்குன்னு எடுத்துவச்ச முடி ஆச்சே" என்று குழைந்தார். சென்னப்பன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பொய்யா மட்டும் இருந்துச்சு, யானை மிதிக்காது பாய். நான் மிதிப்பன்."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்தார். நான் கவனித்தேன், சிரிக்கும்போது அவர் டேப்பைக் கிழிக்க முடியாமல் கிழித்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் 1

பெரியத்தா போனில் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார். தும்பிக்கையைத் தூக்கிய யானைப் படம். கீழே: 'ஜவளகிரி காட்டு ஆண் யானை. வால்முடி. நேரடி. மொத்தமாகவும் கிடைக்கும்.' இவர் ஜவளகிரிக்குப் போனதே இல்லை. தளி தாண்டினால் குளிரும் என்பவர்.

முடி சீவும் வெங்கடம்மாவிடம் படித்துக் காட்டினேன். பேரிகையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். தமிழ் படிக்கத் தெரியாது, தெலுங்குதான். ஆனால் மனிதர்களை நன்றாகப் படிப்பாள். சீவுகிற பலகையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள்: "திருடனாச்சும் ஒளிஞ்சு திருடுவான் பாப்பா. உங்க பெரியத்தா திருடாததுக்கு நோட்டீஸ் ஒட்டறாரு."

டிசம்பர் 9

அரையாண்டுப் பரீட்சை தொடங்கிவிட்டது. இன்று தமிழ். நேர்மை பற்றிக் கட்டுரை. நான்கு பக்கம் எழுதினேன்.

டிசம்பர் 12

அத்தாவைப் பிடித்துவிட்டார்கள்.

யாரோ போன் செய்து அறுபது மோதிரம் கேட்டிருக்கிறார். பெரியத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. அத்தாவிடம் பார்சலைக் கொடுத்து கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பினார். வாங்க வந்தவர் வனத்துறை. ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். அத்தா ஓடவில்லையாம். ஓட அவருக்குத் தெரியாது.

பெரியத்தாவும் அம்மாவும் ரேஞ்ச் ஆபீஸுக்குப் போய்விட்டு இருட்டியதும் வந்தார்கள். பெரியத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "நாளைக்குப் பதினோரு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டு போறாங்க. காட்டுல கெடந்துச்சு, பொறுக்கினன்னு எழுதிக் குடுக்கச் சொல்லிட்டன். ரிமாண்ட் ஆவும். வக்கீல் பாத்துக்குவாரு."

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "குதிரை முடின்னு சொல்லிட்டா விட்டுர மாட்டாங்களா?"

"சும்மா சொன்னா நம்புவாங்களா? லேபுக்கு அனுப்புவாங்க, மாசக்கணக்கா ஆவும். அதுக்குள்ள ஊர் பூரா தெரிஞ்சுரும். யானைன்னு சொன்னா வனத்துறை கேஸு. குதிரைன்னு சொன்னா சென்னப்பன் கேஸு. வனத்துறை கேஸுக்கு ஜாமீன் உண்டு அஸ்மத்."

"அவரு என்ன சொன்னாரு?"

"முனீர் என்ன சொல்லுவான். சரிண்ணேன்னான்."

சரிண்ணே.

இல்லாத ஒரு யானைக்காக ஜெயிலுக்குப் போக ஒரு மனுஷன் சரிண்ணே என்று சொல்லியிருக்கிறான். அந்த மனுஷன் எங்க அத்தா. தெருநாய் குலைச்சா என்னை முன்னாடி விட்டுட்டுப் பின்னாடி நடக்கிறவரு. அவரு காட்டுக்குள்ள போயி யானை வால் பொறுக்கினாராம். கேக்கிறவன் சிரிக்க மாட்டானா?

இந்தாள் மீன் முள்ளை எடுத்துட்டு எடுத்துட்டுச் சாப்பிடறாரு. அம்மா இன்னொரு கரண்டி சோறு போடறாங்க. போடாதீங்கம்மான்னு ஏன் என் வாய் சொல்லலை?

கட்டினது நான். ஒவ்வொண்ணும் நான். நாளைக்கு நான் போய்ச் சொன்னா என்னையும் பிடிப்பாங்களா? பதினேழு வயசுக்கு எங்க வைப்பாங்க? சென்னப்பன் என்னை என்ன செய்வார்? சொல்லாவிட்டால் அத்தா உள்ளே. பெரியத்தா வெளியே, மீசையை முறுக்கிக்கொண்டு.

நாளை பிசிக்ஸ் பரீட்சை.

டிசம்பர் 13

இன்று நிறைய நடந்துவிட்டது. வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, அம்மாவிடம் தொண்டை கட்டியிருக்கிறது, வெந்நீர் வேண்டும் என்றேன். அம்மா என்னைப் பார்த்தார். ஒரு முறை கொதித்த தண்ணீரை மறுபடி அடுப்பில் வைத்துத் தளதளவென்று கொதிக்கவிட்டார். ஸ்டீல் பிளாஸ்கில் ஊற்றினார். பெரியத்தா வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா குனிந்து என் பைக்குள் பிளாஸ்கை வைத்தபடி, "மூடியை இறுக்கியிருக்கன். சூடு ஆறறதுக்குள்ள போயிரு" என்றார்.

நான் ஒன்றுமே சொல்லவில்லையே. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ராத்திரி அந்த இன்னொரு கரண்டி சோறு. அம்மாவை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாப்பில் வெங்கடம்மா வேலைக்கு இறங்கினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னோடு கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். முக்கால் மணி நேரம். பிளாஸ்கை மடியிலேயே வைத்திருந்தேன்.

ரேஞ்ச் ஆபீஸில் ரேஞ்சர் ஒரு பெண். சட்டையில் காவேரி என்று பெயர். பெஞ்சில் அத்தா. ராத்திரி முழுவதும் உட்கார்ந்தே இருந்திருப்பார் போல, சட்டை கசங்கவே இல்லை. என்னைப் பார்த்ததும் சொன்னது: "பரீட்சை இல்லையாம்மா?"

மேசை மேல் அவர் எழுதிக் கொடுத்த தாள் இருந்தது. அழகான கையெழுத்து. 'ஜவளகிரி காட்டில் கிடந்ததைப் பொறுக்கினேன்.' ஒற்றுப்பிழைகூட இல்லை.

"இது யானை முடி இல்லைங்க மேடம். குதிரை முடி. நான்தான் கட்டினேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"பிடிபடற எல்லாரும் அப்புறமா இதைத்தான் சொல்றாங்க" என்றார் ரேஞ்சர். "உங்கப்பாவே யானைன்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"உள்ள எட்டு முடி இருக்கும். ஏழு பழுப்பு, நடுவுல ஒண்ணு வெள்ளை. எதை வேணும்னாலும் நீங்களே எடுத்துக் குடுங்க. வெந்நீர் கொண்டு வந்திருக்கேன்."

அவர் என் விரல்களைப் பார்த்தார். நகக்கண்களை. பிறகு பார்சலில் இருந்த அட்டையை எடுத்து 'வெந்நீர் படக்கூடாது' என்று சத்தமாகப் படித்தார். படம் எடுக்க ஒருவரைக் கூப்பிட்டுவிட்டு, பார்சலுக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தார். டீ டம்ளரில் போட்டார். நான் பிளாஸ்கைத் திறந்து ஊற்றினேன், பாதி மேசையில்.

ஒன்றும் ஆகவில்லை.

ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பாலிஷ் மட்டும் வெளுத்தது. ஜீப் டிரைவர் வாசலில் சாய்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பாலிஷாகப் போட்டுத் தொலைத்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அத்தா தலை குனிந்திருந்தார். அவர் என் பக்கம் பார்க்காதது பயத்தாலா, வெட்கத்தாலா? வெங்கடம்மா மட்டும் டம்ளரையே பார்த்தாள், பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி.

பிறகு தண்ணீர் கறுத்தது. முடிச்சு மெல்லக் கண்ணைத் திறந்தது. ரேஞ்சர் பேனா முனையால் கிளறி, ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். ஏழு. எட்டாவது, சாயம் கழுவிப் போய், வெள்ளை.

"யானைக்கு நரை விழுமா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. ஜீப் டிரைவர் இடது கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

இன்னும் இரண்டு மோதிரம் போட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் வெள்ளை.

"யார் கட்டச் சொன்னது?"

அத்தா முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்பது போலவும் இருந்தது, சொல் என்பது போலவும் இருந்தது. வழக்கம்போல இரண்டுமாக.

"எங்க பெரியத்தா. சமியுல்லா" என்றேன்.

மத்தியானம் பெரியத்தாவை வரவழைத்தார்கள். அங்கே வந்ததும் அவர் காலில் செருப்பே இல்லாத மாதிரி நடந்தார். நாங்கள் எழுதிக் கொடுத்ததும் அத்தாவை விட்டார்கள். மூன்று மோதிரத்தை லேபுக்கு அனுப்புவார்கள், கூப்பிட்டால் வர வேண்டும். ரேஞ்சர் சொன்னார்: "குதிரை என் எல்லையில இல்ல. ஏமாந்தவங்க போலீசுக்குப் போகலாம். ஆனா யானை முடி வாங்கினேன்னு எவன் வந்து எழுதிக் குடுப்பான்?" என்னிடம், "இனிமே இதைக் கட்டாதே" என்றார். உத்தரவு மாதிரி இல்லை. களைப்பாக இருந்தது.

பஸ்ஸில் அத்தா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தார். சூளகிரி தாண்டிய பிறகு வாயைத் திறந்தார்.

"பிசிக்ஸ் போச்சே."

அவ்வளவுதான். நான் காத்திருந்தேன். அவ்வளவேதான்.

டிசம்பர் 15

பெரியத்தா என்னிடம் பேசுவதில்லை. சுவரிடம் பேசுகிறார். "வளர்த்த கடா" என்று ஆரம்பிப்பார், அம்மா பாத்திரத்தை நங்கென்று வைப்பார், நிறுத்திக்கொள்வார். ஷெட்டுக் கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டு இருக்கிறார். லாரி சத்தம் கேட்டால் லைட்டை அணைக்கிறார்.

எனக்கும் பயம்தான். நான் லைட்டை அணைக்கவில்லை, அதுதான் வித்தியாசம்.

டிசம்பர் 19

ரேஞ்ச் ஆபீஸ் சேதி காதில் விழுந்து சென்னப்பன் வந்தார். தனியாக. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

ஷெட்டுக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அத்தா நின்றார். பெரியத்தா மூட்டைகளுக்குப் பின்னால் நின்றார். எந்த மூட்டை தெரியுமா? என் நோட்டு இருக்கிற மூட்டை. எந்தப் பக்கம் பயப்படுவது என்றே தெரியவில்லை.

"அம்மா, கொஞ்சம் பிசிநீர் குடு" என்றார் சென்னப்பன். கோபத்தை அடக்கும்போது கன்னடம் வந்துவிடும் போல. அம்மா டம்ளரில் வெந்நீர் கொண்டுவந்தார். மோதிரத்தைக் கழற்றி உள்ளே போட்டார். அந்த விரலில் வெள்ளையாக ஒரு வளையம், வெயிலே படாத தோல். ஒரு டிரைவரை அடித்த கைதான். அந்த வளையம் மட்டும் குழந்தைத் தோல் மாதிரி இருந்தது.

எல்லோரும் டம்ளரைப் பார்த்தோம். எனக்கு முடிவு தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். இருந்தாலும் பார்த்தோம். கடைசியில் தங்கப் பூண் அடியில் கிடந்தது. மேலே எட்டு முடி மிதந்தது. வெள்ளையை அவரே விரலால் எடுத்து, தொடையில் தடவி வைத்துப் பார்த்தார்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. யாருக்குமே" என்றது மூட்டை.

சென்னப்பன் டம்ளருக்குள் விரலை விட்டார். பிறகு பூணை எடுத்துத் துடைத்து நீட்டினார். "சாயங்காலத்துக்குள்ள இன்னொண்ணு. இதே மாதிரி. வெள்ளை பேடா, வேண்டாம். ஊருல எவனும் வெறும் விரலைப் பாக்கக் கூடாது."

இவ்வளவுதானா? இதற்காகவா அத்தா ஜெயிலுக்குப் போக இருந்தார்? மிதிப்பேன் என்றவர் புது மோதிரம் கேட்கிறார். பொய் என்று தெரிந்த பிறகும், ஊருக்குப் பயந்து. யானைக்குப் பயப்படாமல் இருக்க ஒரு மோதிரம், ஊருக்குப் பயந்து இன்னொரு மோதிரம்.

பெரியத்தா மூட்டைக்குப் பின்னாலிருந்து பழைய ஆளாக வெளியே வந்தார். மீசைகூடத் தூக்கிக்கொண்டது. "நாஸி, வஜ்ரத்தை அடுப்புல ஏத்து."

என் கால் நகர்ந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன். என் கால் அடுப்புப் பக்கம் நகர்ந்தது.

"அவ கட்டமாட்டா."

யார் சொன்னது என்று ஒரு கணம் தெரியவில்லை.

"என்னடா?"

"கட்டமாட்டாண்ணே. நானும் கட்டமாட்டன்." அத்தா சத்தமாகச் சொல்லவில்லை. டேப் உருளையை மேசையில் வைத்தார். அதன் முனையை மடித்து வைத்தார், அடுத்தவன் தேடக் கூடாது என்று.

பெரியத்தாவே உட்கார்ந்து கட்டினார். இத்தனை மோதிரம் விற்றவருக்கு ஒன்று கட்டத் தெரியவில்லை. மூன்று முறை அறுந்தது. வஜ்ரம் தாடியில் ஒட்டி, அதில் குதிரை முடி ஒட்டி, கடைசியில் எது யாருடையது என்று தெரியவில்லை. சென்னப்பன் ஸ்டூலில் அசையாமல் காத்திருந்தார். வெங்கடம்மா சீவுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது.

ஜனவரி 8

பெரியத்தாவின் புது ஸ்டேட்டஸ்: முன்னங்காலைத் தூக்கிய குதிரைப் படம். 'நூறு சதவீதம் அசல் குதிரை முடி மோதிரம். வேகம், வெற்றி. வெந்நீரில் போட்டும் சோதிக்கலாம்.' இப்போது வஜ்ரத்துக்குப் பதில் வேறு பசை.

ஆர்டர் வருகிறதாம்.

ஜனவரி 19

அத்தாவுக்கு சிப்காட்டில் வேலை. கார் பாடிக்குப் பெயின்ட் அடிக்கும் முன்னால் பிரஷ்ஷால் தூசி தட்ட வேண்டும். குதிரை முடி பிரஷ். தப்பிக்க வழியில்லை. பாகலூர் ரோட்டில் லைன் வீடு, ஒரே அறை. சாமான் ஏற்றும்போது நோட்டைக் குட்டை முடி மூட்டையிலிருந்து உருவினேன். பக்கத்துக்குப் பக்கம் முடி.

பிப்ரவரி 2

இந்த வீட்டில் எதையும் ஒளிக்க இடமில்லை. நோட்டை அலமாரியில் பாடப் புத்தகங்களுக்கு நடுவில் வைத்திருந்தேன். அத்தா நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர், நான் தூங்குகிறேன் என்று நினைத்து, கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பழைய பிரஷ்ஷால் அலமாரியைத் தட்டினார். ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, தட்டி, வைத்தார். நோட்டையும் எடுத்தார்.

நான் போர்வைக்குள் அசையாமல் கிடந்தேன். அவரைப் பற்றி எழுதியதெல்லாம் வரி வரியாக ஞாபகம் வந்தது.

அவர் திறக்கவில்லை. அட்டையில் ஒட்டியிருந்த ஒரு வெள்ளை முடியை மட்டும் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊதிவிட்டார். நோட்டைப் பிசிக்ஸ் புத்தகத்துக்கு மேல் நேராக வைத்தார்.